ரிக் வண்டி புறப்பட்ட பிறகு

தை பிறந்ததும் மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கும் இளஞ்செழியன் சித்ராவின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே எட்டிப் பார்த்து, கட்டிலில் கிடந்த அவள் கணவன் ஜெயபிரகாஷுக்கு ஒரு கும்பிடு போட்டார். "சரி" என்றான் அவன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் வாயில் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அதுதான். பசிக்கும் அதைத்தான் சொல்வான், கோபத்துக்கும் அதைத்தான். மூத்திரப் பை நிறைந்தாலும் அதே சொல்தான். நன்றாக இருந்த காலத்தில் எதற்கும் சரி என்று சொல்லாத மனிதன்.

இளஞ்செழியன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க்கா, பங்குனியில நோம்பி சாட்டறதுன்னு முடிவாயிருச்சுங். கும்மி எப்பவும் போல நீங்கதான். ஆனா ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்."

"போன வருசம் அதுக்கு முந்தின வருசத்து ஆட்டத்தையே ஆடுனீங்க. பக்கத்து ஊர்க்காரன் எங்கிட்டயே சொல்றான், உங்கூருக் கும்மிய நாங்க மறு ஒளிபரப்புல பாத்தோமுங்கன்னு. கேட்டுட்டு பல்லக் கடிச்சுட்டு வந்தேன். இந்த வருசம் புதுசு இருக்குதுங்ளா? இல்லீன்னா இப்பவே சொல்லீருங்க. யுவஸ்ரீ ரெடியா இருக்குது."

"இருக்குதுங்" என்றாள் சித்ரா.

பொய். புதிதாக ஓர் அடிகூட அவளிடம் இல்லை. இளஞ்செழியன் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவள் டம்ளரைக் கழுவும்போது கட்டிலிலிருந்து ஜெயபிரகாஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெண்ணந்தூருக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் கும்மி என்றால் சித்ரா. அம்மன் திருவிழாவான நோம்பியின்போது ஊர்ப் பெண்கள் ஒரே நிறச் சேலை கட்டிக் கோயில் திடலில் வட்டம் கட்டி ஆடுவார்கள். பாட்டை யாராவது எழுதித் தருவார்கள். அதற்கு அடி வகுத்து, கை தட்டும் இடம் சொல்லி, வட்டம் எங்கே பிரிந்து எங்கே சேர வேண்டும் என்று அமைப்பது அவள் வேலை. வருடத்துக்கு ஒரு புது ஆட்டம். அம்மனுக்குப் புதுச் சேலை சாத்தும் நாளில் பழைய கும்மியைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்த ஊரில் மரியாதை இல்லை. சித்ரா பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள், பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். அவளை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த வட்டத்தின் நடுவில் நிற்பதால்தான். மற்ற இடங்களில் அவள் ரிக்காரன் பொண்டாட்டி. இந்த வருடமும் புதிது இல்லையென்றால் நடுவில் யுவஸ்ரீ நிற்பாள். ஒரு தடவை அந்த இடத்தை விட்டால் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். யுவஸ்ரீக்கு வயது இருபத்திரண்டு.

ஜெயபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வடக்கேயே கிடப்பான். அங்கே மழை பிடித்து வேலை நின்றால் ஊருக்கு வருவான். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் வண்டி மறுபடி புறப்பட்டுவிடும். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நாளில் சித்ராவுக்கு அடிகள் வரத் தொடங்கும். இட்லித் துணியைப் பிரிக்கும்போது கை ஒரு திருப்பம் காட்டும். தையல் மெஷினை மிதிக்கும்போது பாதம் ஒரு தாளம் கண்டுபிடிக்கும். எழுந்து அடுப்படியில் ஆடிப் பார்ப்பாள், சரியாக வந்தால் வைத்துக்கொள்வாள். மாசிக்குள் ஆட்டம் தயாராகிவிடும். ஏன் எப்போதும் கார்த்திகையில் தொடங்குகிறது என்று அவள் யோசித்ததில்லை. மழை விட்டால் மனசும் வெளுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் ஒரு சம்பவம் நடந்தது. மழைக்கு ஊர் வந்திருந்தவன் ரிக் சிநேகிதர்களைக் கூட்டிவந்து கோழிக்குழம்பும் பாட்டிலுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எம்பொண்டாட்டி பெரிய ஆட்டக்காரியாக்கும். ஏ சித்ரா, இங்க வா. ஆடு, பாக்கட்டும்."

அவள் சிரித்து மழுப்பப் பார்த்தாள்.

"ஆடுன்னா ஆடு" என்று சோற்றுத் தட்டைத் தட்டித் தாளம் போட்டான்.

பாயில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எலும்பைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு சுற்று ஆடினாள். ஒருவன் கை தட்டினான். ஜெயபிரகாஷ், "போதும், போயி சோறு கொண்டா" என்றான். அவ்வளவுதான் நடந்தது. அவன் அடிக்கவில்லை, ஆடாதே என்று பிறகு ஒரு நாளும் சொல்லவுமில்லை. ஊரில் இருக்கும் நாட்களில் கட்டிலில் படுத்தபடி அவளைக் கேலியாகப் பார்ப்பான். அவன் பார்த்தால் அவளுக்கு நடையே தடுமாறும்.

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு வயலில் பைப் இறக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தான். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மகள் கரூரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுக் கைக்குழந்தையோடு திரும்பிப் போனாள். அதிலிருந்து சித்ராதான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிரியத்தால் என்று சொல்ல முடியாது. வேலையைக் கற்றுக்கொண்டு செய்தாள். வீடு தேடி வரும் நர்ஸ் வெண்ணிலா காட்டிக்கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும். குதிகால் கட்டிலைத் தொடாமல் தலையணை கொடுக்க வேண்டும். கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும், ஊட்டும்போது முகவாய் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறும். காற்று மெத்தையை ஒருபோதும் அணைக்கக் கூடாது. அவன் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி வந்ததில்லை. "ஆஸ்பத்திரியில கூட இப்படி வெச்சுக்க மாட்டாங்கக்கா" என்று நர்ஸ் சொல்வாள். அந்தப் பாராட்டைச் சித்ரா வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள். அவளுக்கு வேண்டியது அதுவல்ல.

அடி வரவில்லை. முதல் வருடம் அலைச்சல் என்று நினைத்தாள். இரண்டாம் வருடம் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது, கைக்கு நேரமும் இருந்தது, கால் மட்டும் செத்துக் கிடந்தது. செல்போனில் ஊர் ஊராகக் கும்மி பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்பதுதான் உறைத்தது. பழைய ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி மாற்றித் தைத்துப் பார்த்தாள். பிளவுஸாக இருந்தால் அது நடந்திருக்கும்.

ஒத்திகை பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கியது. முதல் நாளே சின்னாயி கண்டுபிடித்துவிட்டாள். சின்னாயிக்கு வயது ஐம்பத்தைந்து, பருத்த உடம்பு, ஆனால் தாளம் தப்பாதவள்.

"ஏஞ்சித்ரா, இந்தத் திருப்பு மூணு வருசத்துக்கு முந்தி வந்துச்சு. எனக்கு முட்டிவலி வந்ததே இதுலதான், மறப்பனா?"

பெண்கள் சிரித்தார்கள். யுவஸ்ரீ முன்னால் வந்தாள். சித்ராவிடம் எட்டு வயதிலிருந்து கும்மி கற்றவள், இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

"அக்கா, நான் வேணா ரெண்டு ஸ்டெப் சொல்லட்டுங்ளா? போன்ல பாத்து வெச்சிருக்கறேன்."

"எந்த ஊரு ஸ்டெப்பு சாமி?"

"ஊரு தெரியலீங்க்கா. இந்திப் பாட்டுக்கு ஆடறாங்க."

"மாரியாத்தாளுக்கு இந்தி தெரியாது கண்ணு."

மறுபடி சிரிப்பு. யுவஸ்ரீயின் முகம் சிவந்தது. "மாரியாத்தாளுக்கு மறு ஒளிபரப்பும் புடிக்காதுங்க்கா" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். புருசன் படுத்ததில் மனசு நொந்துபோச்சு என்றாள் ஒருத்தி. கண்ணு பட்டிருச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போடு என்றாள் இன்னொருத்தி. சித்ரா சுற்றிப் போட்டாள். பழம்தான் வீணாயிற்று.

மாசி தொடக்கத்தில், மாற்றுத்திறனாளி அட்டைக்கு நாமக்கல்லில் முகாம் போட்டார்கள். ஜெயபிரகாஷின் அக்காளும் சித்ராவுக்கு நங்கை முறையுமான செல்லாயி மோகனூரிலிருந்து மகனின் காரில் வந்து இறங்கினாள். கரும்புத் தோட்டமும் மாடி வீடும் உள்ளவள். வரும்போதே குரல் முன்னால் வரும்.

"நீ வர வேண்டா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவுரப் புரட்டறதுக்கு ஆளு வேணுமுங்க நங்கை."

"எம்பையன் இருக்கறான். நீ வந்தீன்னா டாக்டருகிட்ட கணக்கா பேசுவ. அழுகாமப் பேசுனா அவுங்க அட்டை குடுக்க மாட்டாங்க. நான் போயி நாலு கண்ணீர் உட்டுட்டு வாரேன்."

காரில் தம்பியை ஏற்றிக்கொண்டு போனாள். வீட்டில் சித்ரா மட்டும் இருந்தாள். கட்டில் விரிப்புகளை அள்ளிப்போய்த் துவைக்கும் கல்லில் போட்டாள். அலசி எடுத்து ஒரு முனையைக் குழாயில் மாட்டி முறுக்கினாள். முறுக்க முறுக்கத் துணி எதிர்த்து இழுத்தது. வலது கால் பின்னால் போய், இடுப்பு திரும்பி, இடது கால் குறுக்கே வந்து நின்றது. அவள் துணியை விட்டாள். கால் மறுபடி அதையே செய்தது. அதற்கு மேல் ஒரு தட்டு, அப்புறம் குனிந்து ஒரு வாரல்.

அந்த மத்தியானம் முழுக்க ஆடினாள். ஈரச் சேலையோடு சமையலை மறந்து ஆடினாள். இரண்டு பேர் ஒரு துணியின் இரண்டு முனையைப் பிடித்து முறுக்குவதுபோல் இரண்டு வட்டம் எதிரெதிராகப் போக வேண்டும், முறுக்கு முற்றியதும் உதறிப் பிரிய வேண்டும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக எங்கே போயிருந்தது இது?

வாசலில் காரின் ஹாரன் கேட்டது. தூக்கியிருந்த கால் கட்டையாகத் தரையில் விழுந்தது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. கார்த்திகை ஏன் என்று புரிந்தது. மழையுமில்லை, மனசுமில்லை. ரிக் வண்டி புறப்பட்டால் வரும், ரிக் வண்டி திரும்பினால் நிற்கும். இப்போது வண்டி ஒரேயடியாகத் திரும்பிவிட்டது.

செல்லாயியும் மகனும் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கரண்டி பிடிக்க முடியாத மனிதன். இவனுக்கா பயந்து நிற்கிறது என்று அவளுக்குத் தன் கால்மேலேயே ஆத்திரம் வந்தது. அவனைத் துடைத்து, உடை மாற்றி, மெத்தையில் கிடத்தினாள். அவன் அவளுடைய ஈரச் சேலையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "சரி?" என்றான், கேள்வியாக.

மறுநாள் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் கண்டதைக்கூடச் சேர்க்க முடியவில்லை. ஓர் அறையும் அடுப்படியும்தான் வீடு. நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாள். அவன் நல்ல கையான இடது கையால் அதைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான். மறுபடி கட்டினாள், மறுபடி இழுத்தான். மைதானத்துக்குப் போய் நின்று பார்த்தாள். அவன் கண் முதுகில் ஒட்டிக்கொண்டு அங்கேயும் வந்தது.

அன்று மாலையே செல்லாயிக்குப் போன் போட்டாள்.

"நோம்பி முடியற வரைக்கும் அவுர உங்க ஊட்டுல வெச்சுக்கறீங்ளா நங்கை?"

"எதுக்கு? உனக்கு ஒடம்பு சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறேன். கும்மி சேக்கோணும்."

"என்ற பொறந்தவனப் பாக்கறதுக்கு எனக்கென்ன நோவு. ஆனா நாலு சனம் கேக்குமே, பொண்டாட்டி எதுக்கு அனுப்புனான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? ஆடறதுக்கு அனுப்புனான்னா?"

"அப்படியே சொல்லுங்க."

"சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது. உனக்கு இல்லையாட்டம் இருக்குது."

ஆனால் வந்தாள். சித்ரா காற்று மெத்தையை மடித்துக் கொடுத்தாள். புரட்டுவது எப்படி, தலையணை எங்கே வைப்பது, கஞ்சி எவ்வளவு கெட்டி என்று சொல்லத் தொடங்கினாள். செல்லாயி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அவன இடுப்புல தூக்கி வளத்தவ நானு. எனக்கே சொல்லித்தாரயா?"

கார் போனது. அன்றைக்கே அடிகள் வந்தன. கேட்காமல் வந்தன, மறிக்க மறிக்க வந்தன. மைதானத்தில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினாள். சின்னாயி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இதென்ன, துணி புழியறாப்ல இருக்குது?"

"அதேதான்."

"அப்ப எனக்கு நல்லா வரும். பொறந்ததுலிருந்து வேற என்ன பண்ணியிருக்கறேன்?"

யுவஸ்ரீ உள்வட்டத்தில் முதல் ஆளாக நின்று ஆடினாள். நன்றாக ஆடினாள். முடிந்ததும், "அக்கா, அந்த உதறலை இன்னொருக்கா காட்டுங்க" என்றாள். ஒத்திகையின் முதல் நாள் சொல்லால் சுட்ட பெண் அவள். சித்ரா காட்டினாள்.

பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கி, கோயில் முன் கம்பம் நட்டு, கையில் விரதக் காப்புக் கட்டினார்கள். கம்பம் நட்டபிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அடுத்த நாள் காலையில் சித்ரா மோகனூருக்குப் போன் செய்தாள்.

"எப்புடி இருக்கறாருங்க?"

"ராசாவாட்டம் உக்காந்திருக்கறான்" என்றாள் செல்லாயி. "சாஞ்சு உக்கார்ற கட்டில் ஒண்ணு வாங்கி, முன்வாசல்லயே போட்டாச்சு. காத்தால உக்கார வெச்சா பொழுதோடதான் படுக்க வெக்கறது. சனம் வாரதும் போறதுமா இருக்குது. படுத்துக் கெடக்கறவனப் பாத்தா எழவு ஊட்டுக்கு வந்தாப்ல மூஞ்சிய வெச்சுக்கறாங்க. உக்காந்திருந்தா, அடடே, தேறிட்டாரேங்கறாங்க. உன்ற ஊட்டுல எப்பப் பாத்தாலும் படுக்கப் போட்டே வெச்சிருந்தியே."

"நாளெல்லாமா உக்கார வெக்கறீங்க? புரட்டறதில்லைங்ளா?"

"உக்காந்திருக்கறவன எங்க புரட்டறது?"

"காத்து மெத்தை?"

"அது உர்ர்ருன்னே இருக்குது. வந்தவங்க பேசறது கேக்கலீன்னு கழட்டிப் போட்டாச்சு."

சாய்ந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். உணர்ச்சி குறைந்த தோல், அடியில் ஈரம் வேறு. என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். செல்லாயிக்குத் தெரியாது, சித்ராவுக்குத் தெரியும். காலையில் பஸ் ஏறினால் ராசிபுரம், நாமக்கல் மாறி மத்தியானத்துக்குள் மோகனூர் போகலாம். அவனைப் புரட்டிப் போட்டு, மெத்தையை மாட்டி, செல்லாயியிடம் சண்டை பிடித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பலாம். ராத் தங்கத்தான் கட்டுப்பாடு, போய்வரத் தடையில்லை.

ஆனால் கடைசிச் சுற்று இன்னும் பிடிபடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அது வராது என்று நிச்சயமாகத் தெரிந்தது. "படுக்க வெச்சுப் புரட்டுங்க நங்கை, புண்ணு வந்துரும்" என்று போனிலேயே சொன்னாள். "சரி சரி, நீ ஆடற வேலையப் பாரு" என்றாள் செல்லாயி. காப்புக் கட்டியிருக்கிறது, எல்லை தாண்டக் கூடாது என்று சித்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையில் காப்பு இருந்ததால் சொல்ல எளிதாக இருந்தது.

கடைசிச் சுற்று மறுநாள் வந்தது.

நோம்பியன்று திடலில் நிற்க இடமில்லை. மஞ்சள் சேலையில் பெண்கள் இரண்டு வட்டமாக எதிரெதிரே சுழன்று, நெருங்கி, முறுக்கி, ஒரே தட்டில் உதறிப் பிரிந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். இளஞ்செழியன் மைக்கில் அவள் பெயரை மூன்று தடவை சொல்லித் துண்டு போர்த்தினார். தண்ணீர்ப் பந்தல் அருகே யாரோ ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "புருசன் அப்படிக் கெடக்கையில இந்தம்மாளுக்கு எப்புடித்தான் ஆட மனசு வருதோ" என்றாள். மெதுவாகச் சொல்லும் முயற்சி எதுவும் அதில் இல்லை. சித்ரா தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விட்ட மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். மோகனூர் வீட்டு முன்வாசலில் ஜெயபிரகாஷ் சலவை வேட்டியும் விபூதியுமாகச் சாய்வுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் அடுக்கியிருந்தன. பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. சித்ரா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வாசனையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெண்டு மூணு நாளா கத்திக்கிட்டே இருந்தான்" என்றாள் செல்லாயி. "என்னடா வேணுமுன்னா சரீங்கறான். வலிக்குதான்னாலும் சரீங்கறான். நான் என்னன்னு கண்டேன்?"

ஒருக்களித்துப் படுக்க வைத்து வேட்டியை விலக்கினாள். வால் எலும்பின்மேல் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோல் கறுத்துச் செத்திருந்தது. ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. மேலே மஞ்சளும் பவுடரும் அப்பியிருந்தார்கள்.

செல்லாயி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். அழுகை நடுவிலேயே குரல் உயர்ந்தது. "பொண்டாட்டின்னு ஒருத்தி கூட இருந்திருந்தா இந்தக் கெதி வருமா? ஆடப் போனயே, ஆடி முடிச்சுட்டயா?"

"முடிச்சுட்டேன்" என்றாள் சித்ரா. "வெந்நி வெச்சுக் குடுங்க."

திட்ட அவளுக்கு வாயில்லாமல் இல்லை. எப்போது புண் தொடங்கியிருக்கும் என்று அவளுக்குத் தோராயமாகத் தெரியும். அவள் மோகனூருக்குப் போன் செய்த வாரம். செல்லாயியைத் திட்ட ஆரம்பித்தால் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். விரல் நுழையும் குழி. பத்துப் பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காலையும் மாலையும் உப்புநீரில் கழுவி, குழிக்குள் துணி திணித்து, மேலே ஒட்டுப் போட்டாள். கழுவும்போது அவன் பல்லைக் கடிப்பான். தலையைத் திருப்ப முடிந்தவரை திருப்பி அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வையில் இப்போது கேலி இல்லை. தன்னை எதற்கு அனுப்பினாள் என்று தெரிந்துகொண்டவனின் பார்வை அது. அவள் கையை வேகமாக ஓட்டினாள்.

மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது என்று நர்ஸ் வெண்ணிலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை இடப்பக்கம். வலப்பக்கம் படுத்தால் அறையைப் பார்த்திருப்பான், நல்ல கை மேலே இருக்கும். இடப்பக்கம் படுத்தால் முகம் சுவரைப் பார்த்திருக்கும், நல்ல கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்திலிருந்து அவனாகத் திரும்ப முடியாது.

வைகாசியில் எடப்பாடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன் வந்தது. செல்போனில் அவள் ஆட்டத்தைப் பார்த்தார்களாம். ஆடி மாத நோம்பிக்கு அவர்கள் ஊர்ப் பெண்களுக்குக் கும்மி கட்டித் தர வேண்டும், பாட்டு அவர்களே எழுதிவிட்டார்கள், ஆட்டம் மட்டும் புதிதாக வேண்டும். சித்ரா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். புண் இன்னும் பாதிதான் மூடியிருந்தது. அவனை இனி எங்கும் அனுப்புவதாக இல்லை.

அன்றைக்கு அவனைச் சுவர்ப் பக்கம் புரட்டிப் போட்டுவிட்டுக் கட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போனில் கேட்ட பாட்டின் மெட்டு மனதில் ஓடியது. பாதம் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அவன் முதுகு மட்டும் இருந்தது. இன்னொரு தட்டு. கட்டிலிலிருந்து "சரி" என்றான், அடித்தொண்டையில். அவள் நின்றாள். அவன் தோள் அசைந்தது, கழுத்து விறைத்தது, உடம்பு திரும்பவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அடங்கினான். சித்ரா இன்னொரு காலை எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு நடைமுறை வந்துவிட்டது. அவன் அறையைப் பார்த்திருக்கும் நேரத்தில் சமையல், தையல், கஞ்சி ஊட்டுவது. சுவரைப் பார்த்திருக்கும் நேரத்தில் ஆட்டம். காது கேட்கும் அவனுக்கு. ஒவ்வொரு அடியும் கேட்டிருக்கும். முதலில் எல்லாம் சத்தம் போட்டான். பிறகு சுவரை வெறித்தபடி கிடந்தான். எடப்பாடிக்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, சின்னாயியை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போய்க் கற்றுக்கொடுத்துத் திரும்பினாள்.

ஆடி நோம்பி நல்லபடியாக முடிந்தது. ஆவணியில் நர்ஸ் வெண்ணிலா வந்து ஒட்டைப் பிரித்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது.

"அக்கா, இதெல்லாம் ஆறாதுன்னு நான் மனசுக்குள்ள நெனச்சிருந்தேன். உங்க கைக்கு ஆறியிருக்குது. இனிமே கொஞ்ச கொஞ்ச நேரம் மல்லாக்கவும் படுக்க வெக்கலாம். பாவம், சுவத்தையே பாத்துப் பாத்து அவருக்கும் சலிச்சுப் போயிருக்கும்."

"வெக்கலாமுங்" என்றாள் சித்ரா.

ஜெயபிரகாஷ் நர்ஸைப் பார்த்தான், பிறகு சித்ராவைப் பார்த்தான். இடது கையை உயர்த்தி ஏதோ காட்டினான். நர்ஸ் சிரித்து அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் வரை சித்ரா வாசலில் நின்றாள்.

உள்ளே வந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். வலது முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, பதமாகச் சுவர்ப் பக்கம் புரட்டினாள். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள். செயலற்ற கையை இன்னொரு தலையணைமேல் எடுத்து வைத்தாள். அடியில் மாட்டிய நல்ல கையில் ரத்தம் ஓட வேண்டுமே என்று அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டாள். இடுப்பெலும்பின்மேல் தோலை விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவக்கவில்லை. எழுந்து, தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அறையின் நடுவே வந்து நின்றாள்.